ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்த லாக் ஃபைல்

"பேக்கப் எடுத்து வச்சிருக்கேன், எனக்கென்ன பயம்?" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தோணுது. "சரிங்க, அதைக் கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?"

நான் பி.காம். படிக்கிறவன். டேட்டாபேஸ் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் கேட்கலாம். ஒரே தகுதிதான் இருக்கு. ஒரு டேட்டாபேஸை என் கையாலேயே கெடுத்திருக்கேன். அதுவும் அதைக் காப்பாற்றப் போய்!

காலேஜ் முடிந்ததும் சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஒன்பதரை வரைக்கும் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுற வேலை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். கடையில் மூணு கம்ப்யூட்டர். அதில் ஒண்ணு 'சர்வர்'. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். கல்லாவுக்குக் கீழே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் தூசி மண்டிக் கிடக்கிற சாதாரண கம்ப்யூட்டர்தான். ஆனால் கடையின் மொத்த உயிரும் அதில்தான். எந்த மருந்து, என்ன பேட்ச் நம்பர், எப்போ காலாவதி, யார் எவ்வளவு பாக்கி, எல்லாமே எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸ் ஒன்றில் இருக்கு.

பில்லிங் மென்பொருளை நிறுவியவர் பேக்கப் ஏற்பாட்டை நன்றாகத்தான் செய்து வைத்திருந்தார். ஞாயிறு ராத்திரி ஒரு முழு பேக்கப். அப்புறம் தினமும் மதியம் ஒரு மணி, சாயங்காலம் அஞ்சு மணி, ராத்திரி ஒன்பது மணிக்கு லாக் பேக்கப். பகலில் எடுப்பது அதே கம்ப்யூட்டரில் இன்னொரு டிஸ்கில் போய் உட்காரும். ராத்திரி ஒன்பது மணி ஃபைல் மட்டும் பென்டிரைவுக்குப் போகும். கேஷியர் அண்ணன் அதைச் சட்டைப் பையில் போட்டு ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு போவார். காலையில் வந்து கம்ப்யூட்டரில் காப்பி பண்ணுவார். கடையில் தீப்பிடித்தாலும் ஒரு பிரதி வெளியில் இருக்கணும் என்பது முதலாளியின் கணக்கு. நல்ல கணக்குதான்.

போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு புதன்கிழமை, நல்ல மழை. சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு கரண்ட் போச்சு. யு.பி.எஸ். ரெண்டு தடவை கீச் கீச் என்று கத்திவிட்டு அடங்கிடுச்சு (அதன் பேட்டரி எப்போதோ செத்துப் போயிருந்தது, யாரும் கவனிக்கலை). கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் பில்லிங் மென்பொருள் திறக்க மாட்டேங்குது. சர்வரில் பார்த்தால் எங்க டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சஸ்பெக்ட்' என்று போட்டிருக்கு. சந்தேகக் கேஸாம்!

கவுண்டரில் நாலைந்து பேர் கையில் லிஸ்டோடு நிற்கிறாங்க. எட்டு மணிக்குள் பார்சல் ஆபீஸில் பெட்டிகளைப் போட்டாகணும். மென்பொருள்காரருக்கு போன் போட்டால் எடுக்கலை. முதலாளி என்னைப் பார்த்தார்.

"தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. பேக்கப் இருக்குல்ல, அதைப் போட்டு விட்டுடேன்."

அதற்கு முந்தின மாசம்தான் பிரிண்டர் ஒண்ணைச் சரி பண்ணியிருந்தேன். கடையில் அன்றிலிருந்து எனக்கு இன்ஜினீயர் மரியாதை. அந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டாமா? இணையத்தில் தேடினேன், ஒரு கட்டளை கிடைத்தது. 'ரீஸ்டோர் டேட்டாபேஸ்', அப்புறம் ஃபைல் பெயர். அடித்தேன். பிழைச்செய்தி வந்தது. எண் 3159.

அந்தச் செய்தியை இப்போ மனப்பாடமாகச் சொல்லுவேன். அதன் சாரம் இதுதான்: லாகின் வால்பகுதி இன்னும் பேக்கப் எடுக்கப்படலை; அதில் உங்களுக்கு வேண்டிய வேலை இருந்தால் முதலில் அதை பேக்கப் எடுங்க; அழிந்தாலும் பரவாயில்லை என்றால் 'ரீப்ளேஸ்' என்ற சொல்லைச் சேர்த்துக்குங்க.

நான் படித்தது கடைசி வரியை மட்டும். 'ரீப்ளேஸ்' சேர்த்தேன். மூணு நிமிஷத்தில் வெற்றிகரமாக முடிந்தது என்று வந்தது. பில்லிங் திறந்தது. முதலாளி முதுகில் தட்டினார். ரெண்டு கவுண்டரிலும் பில் போட ஆரம்பித்தாங்க.

கொஞ்ச நேரத்தில் கேஷியர் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். "தம்பி, திங்கட்கிழமை வந்த சரக்கு ஸ்டாக்ல காணோமே?"

வராதுதானே! நான் போட்டது ஞாயிறு ராத்திரி பேக்கப். "லாக் ஃபைல் இருக்குண்ணே, அதையும் போட்டா வந்துடும்" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் பில்லிங்கை விட்டு வெளியே வரச் சொல்லி, திங்கள் மதிய லாகை ஏற்றினேன். மறுபடி பிழை, எண் 3117. முன்னோக்கி நகர்த்துவதற்குத் தயாராக எந்த ஃபைலும் இல்லையாம். எனக்கு ஒண்ணும் புரியலை. வியர்க்க ஆரம்பிச்சது.

ஏழரை மணிக்கு மென்பொருள்காரர் திரும்பக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, மவுஸ்ல இருந்து கையை எடுங்க."

அடுத்தது, "பழைய ஃபைல் ரெண்டையும் எங்கேயாவது காப்பி பண்ணி வச்சீங்களா?"

இல்லை. 'ரீப்ளேஸ்' அதன் மேலேயே எழுதிவிட்டது.

* * *

அன்றைக்கு நான் செய்த தப்புகள் மூணு. ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்பது அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் விளங்கியது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் ரொம்ப சுலபம்.

நம்ம ஊர் பழைய கடைகளில் நாள்வழி, பேரேடு என்று ரெண்டு ஏடு இருக்கும். நடக்க நடக்க நாள்வழியில் எழுதணும். அப்புறம் அதைப் பேரேட்டில் அந்தந்தக் கணக்குக்கு எடுத்து எழுதணும். 1494-ல் வெனிஸில் அச்சான லூக்கா பசியோலியின் புத்தகத்திலும் இதே ஒழுங்குதான். முதலில் நாட்குறிப்பு, பிறகு குறிப்பேடு, பிறகு பேரேடு. டேட்டாபேஸும் அச்சு அசலாக அப்படியேதான் வேலை செய்யுது. ஒவ்வொரு மாற்றமும் முதலில் லாகில் வரிசை எண்ணோடு எழுதப்படும். டேட்டா ஃபைலில் அது ஏறுவது பிறகுதான். லாக் நம்ம குறிப்பேடு. டேட்டா ஃபைல் நம்ம பேரேடு.

அப்போ முழு பேக்கப் என்றால்? ஞாயிறு ராத்திரி எடுத்த தொடக்க இருப்பு. லாக் பேக்கப்புகள் அதற்கப்புறம் எழுதிய குறிப்பேட்டுப் பக்கங்கள். தொடக்க இருப்பை வச்சுக்கிட்டு, பக்கங்களை வரிசையாகப் பதிந்துகொண்டே வந்தால் இறுதி இருப்பு வரணும். ரீஸ்டோர் என்பது இவ்வளவுதான்!

முதல் தப்பு, வால்பகுதி. கடைசி லாக் பேக்கப் புதன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. கரண்ட் போனது ஆறு நாற்பதுக்கு. நடுவில் நடந்த ஒரு மணி நாற்பது நிமிஷ வியாபாரம் எந்த பேக்கப்பிலும் இல்லை. அது இருக்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கெட்டுப்போன டேட்டாபேஸின் லாக் ஃபைல்தான். டேட்டா ஃபைல் கெட்டிருந்தாலும் லாக் ஃபைல் நல்லா இருந்தால் அதை மட்டும் தனியாக பேக்கப் எடுக்கலாம். 'நோ ட்ரங்கேட்' என்று அதற்கே ஒரு வழி இருக்கு. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேரேட்டைச் சரி பண்ண உட்கார்ந்தவன் நான்.

ரெண்டாவது தப்பு, முடிக்காமலே முடித்தது. சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறியவங்களுக்கு இது சட்டென்று புரியும். கண்டக்டர் கடைசி ஆள் ஏறும் வரைக்கும் விசில் அடிக்க மாட்டார். விசில் அடித்து "போலாம் ரைட்" சொல்லிவிட்டால் கதை முடிந்தது, அப்புறம் ஓடி வந்தாலும் ஏற முடியாது. எஸ்.க்யூ.எல். சர்வரில் 'நோரிகவரி' என்றால் "இன்னும் ஆள் வருது, நில்லு". 'ரிகவரி' என்றால் "போலாம் ரைட்". நாம் ஒண்ணும் சொல்லாவிட்டால் அதுவாக எடுத்துக்கொள்வது 'ரிகவரி'. நான் ஒண்ணும் சொல்லலை. ஞாயிறு பேக்கப்போடு பஸ் கிளம்பிடுச்சு. எட்டு லாக் ஃபைலும் ஸ்டாண்டிலேயே நின்றது.

மூணாவதுதான் மகா தப்பு. சரி பார்க்காமல் கடையைத் திறந்து விட்டது. நான் லாகோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னாடியே பதினாலு பில் போட்டுட்டாங்க. டேட்டாபேஸுக்குத் தெரிந்த கடைசி பில் ஞாயிறுக்கு முந்தினது. அதனால் திங்கட்கிழமை ஏற்கெனவே கொடுத்த நம்பர்களையே மறுபடி கொடுத்துவிட்டது. ஒரே நம்பரில் ரெண்டு கடைக்கு ரெண்டு பில்! ஜி.எஸ்.டி. விதி 46 படித்தவங்களுக்கு வயிறு கலங்கும். ஒரு நிதியாண்டில் விலைப்பட்டியல் எண் தொடர்ச்சியாக, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் இருக்கணும். இங்கே கடையின் சரித்திரமே ரெண்டு கிளையாகப் பிரிந்து நிற்குது. ஒரு கிளையில் மூணு நாள் வியாபாரம், இன்னொரு கிளையில் இந்தப் பதினாலு பில். ரெண்டையும் ஒட்ட எந்தக் கட்டளையும் கிடையாது.

* * *

மென்பொருள்காரர் போனிலேயே வழிநடத்தினார். முதலில் பில்லிங்கை நிறுத்தி, கை பில் புத்தகம் எடுக்கச் சொன்னார். பதினாலு பில்லையும் பிரிண்ட் எடுத்து வைத்தோம். அப்புறம் வேறு பெயரில், வேறு ஃபைலில், புதுசாக ஒரு டேட்டாபேஸாக ரீஸ்டோர் ஆரம்பித்தோம். ஞாயிறு முழு பேக்கப், 'நோரிகவரி'யோடு. பெயருக்குப் பக்கத்தில் 'ரீஸ்டோரிங்' என்று வந்தது. அது பிழை இல்லையாம், பஸ் நிற்கிறது என்று அர்த்தமாம்.

திங்கள் ஒரு மணி, அஞ்சு மணி, ஒன்பது மணி. செவ்வாய் ஒரு மணி, அஞ்சு மணி. எல்லாம் ஏறிச்சு. அடுத்து செவ்வாய் ஒன்பது மணி ஃபைலைத் தேடினால், இல்லை.

"அது இல்லாம புதன் மதியத்தோடதைப் போட்டுப் பார்க்கலாமா சார்?" என்று கேட்டேன். போட்டுக் காட்டச் சொன்னார். பிழை 4305. இந்த லாக் ரொம்ப அடுத்த காலத்துடையது, நடுவில் இருப்பது வேணும் என்று கேட்கிறது. நல்லவேளை, கேட்டது! நடுவில் ஒரு பக்கம் இல்லாமல் பேரேடு எழுதினால் கணக்கு என்ன ஆகும்?

கேஷியர் அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிடுச்சு. அன்றைக்குக் காலையில் மழை என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பென்டிரைவ் ஸ்ரீரங்கத்தில் ஈரச் சட்டையில்.

வீட்டுக்கு போன் போட்டார். அவர் பையன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறச் சொன்னார். நான் குடையோடு சத்திரத்துக்குப் போய் நின்றேன். மழையில் ஒவ்வொரு பஸ்ஸாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகுது. எனக்கு என்னவோ கடையின் ஒரு ராத்திரிக் கணக்கு மாம்பழச் சாலை தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி, ஒரு பையனின் சட்டைப் பையில் நனையாமல் வந்துகொண்டிருக்கு என்ற நினைப்பே வயிற்றைப் பிசைந்தது. உலகத்தில் அந்த ஃபைலுக்கு வேறு பிரதியே கிடையாது. வெளியில் ஒரு பிரதி இருக்கணும் என்றுதான் முதலாளி சொன்னார். நாங்க செய்தது ஒரே பிரதியை வெளியில் வைத்தது. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பையன் இறங்கினான். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். (எங்க எல்லாரையும் விட விவரமானவன்.)

செவ்வாய் ஒன்பது, புதன் ஒன்று, புதன் அஞ்சு. அப்புறம்தான் 'ரிகவரி'. கேஷியர் அண்ணனிடம் ஒரு நோட்டு உண்டு. கம்ப்யூட்டர் இருந்தாலும் தினமும் ராத்திரி ரொக்க இருப்பைக் கையால் எழுதி வைப்பார். செவ்வாய் ராத்திரி அவர் எழுதிய தொகையையும் டேட்டாபேஸ் சொன்ன தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பைசா பிசகலை. பரீட்சையில் இருப்பாய்வு சரியாக வந்தபோது கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆனால் புதன் அஞ்சு மணிக்கு அப்புறம்? "லாக் ஃபைல் நல்லா இருந்திருந்தா அதுவும் முழுசா வந்திருக்கும் தம்பி. இனிமே அது நல்லா இருந்துச்சா இல்லையான்னே தெரிஞ்சுக்க முடியாது" என்றார் மென்பொருள்காரர். திட்டியிருந்தால் கூட தாங்கியிருப்பேன்.

அந்த ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் இருபத்து மூணு பில். கார்பன் பிரதிகள் இருந்ததால் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். இரட்டை நம்பர் விழுந்த பதினாலு கடைக்கும் போன் பண்ணி, பில்லை மாற்றிக் கொடுத்தோம். பாதிப் பேர் சிரித்தாங்க, பாதிப் பேர் சலித்துக்கொண்டாங்க. ஆனால் கல்லாவில் 18,400 ரூபாய் கூடுதலாக இருந்தது. யாரோ பழைய பாக்கியைக் கட்டியிருக்காங்க. ரசீதுக்கு எங்களிடம் ரெண்டாவது பிரதி கிடையாது, கம்ப்யூட்டரில்தான் பதிவு. அந்த நேரத்தில் கவுண்டரில் கூட்டம், யார் கட்டினது என்று யாருக்கும் நினைவில்லை. பணம் குறைந்தால்தான் பிரச்சினை என்று நினைப்போம். கூடினாலும் அதே பிரச்சினைதான். இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் அன்றைக்கு ராத்திரி அந்தப் பணத்தை மூணு தடவை எண்ணினார். ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்தார்.

அடுத்த வாரம் வசூலுக்குப் போன எங்க ஆள் லால்குடியில் ஒரு சின்ன மருந்துக் கடையில் பாக்கி கேட்டிருக்கிறார். வயசானவர் ஒருத்தர் தனியாக நடத்துற கடை. அவர் ஒண்ணும் பேசாமல் உள்ளே போய், மடித்து வைத்த ரசீதை எடுத்து வந்து காட்டியிருக்கிறார். 18,400. பிறகு ஒரே ஒரு வார்த்தை கேட்டாராம். "மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து கட்டிட்டுப் போனேன்ப்பா, அது கூடவா உங்க கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இல்லை?"

கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இருந்திருக்கும் ஐயா. நான்தான் அழித்தேன்.

* * *

இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது. லாகை வைத்து டேட்டாபேஸை மீட்கும் முறையில் உலகம் முழுக்கப் பாடமாக இருப்பது 'ஏரீஸ்' என்ற வழிமுறை. 1992-ல் வெளியான கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன். 1977-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் முடித்து, பிறகு அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து, ஐ.பி.எம்.மில் பல வருஷம் வேலை பார்த்தவர். எஸ்.க்யூ.எல். சர்வர் மீள்வதும் அந்த வழியை ஒட்டித்தான்.

ஏரீஸ் மூணு கட்டமாக வேலை செய்யும். முதலில் லாகைப் படித்து எங்கே நின்றது என்று பார்க்கும். ரெண்டாவது, நடந்ததையெல்லாம் நடந்த வரிசையிலேயே திரும்ப நடத்தும், பாதியில் நின்ற வேலைகளையும் சேர்த்து. மூணாவதுதான், முடியாமல் நின்றவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பும். அப்படித் திருப்புவதையும் லாகில் எழுதி வைக்கும்! இது நமக்குப் புதுசா? பேரேட்டில் தப்பு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, பிழைத்திருத்தப் பதிவு எழுதணும் என்று முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்தாங்களே, அதேதான். எதையும் அழிக்காதே, வரிசையை மாற்றாதே, திருத்தினால் திருத்தினதையும் எழுது. நான் அன்றைக்கு இந்த மூணையும் மீறியிருந்தேன்.

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கு என்பது கொஞ்சம் ஆறுதல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ராத்திரி நேரத்தில் ஒரு கோளாறைச் சரி செய்துகொண்டிருந்தார். துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி.தான் மிச்சம். தினசரி பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாகவே எடுக்கப்படலை. மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கு. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரலை. யதேச்சையாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரம் திரும்ப வரலை. மீட்பு வேலையை அவங்க யூட்யூபில் நேரலையாகவே காட்டினாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

நம்ம நாட்டிலும் இருக்கு. 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாச்சு. ரெண்டு வாரம் போல ஓ.பி. சீட்டிலிருந்து பல வேலைகள் பேப்பரில்தான் நடந்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் நோயாளிகளின் தகவல்களை அதிலிருந்து புது சர்வர்களுக்கு மீட்டாங்க. அந்த ஒண்ணு மட்டும் தப்பியிருக்காவிட்டால்?

சட்டமும் இப்போ இந்தப் பக்கம் திரும்பியிருக்கு. 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, மின்னணு முறையில் கணக்கு வைக்கிற கம்பெனிகள் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் பேக்கப் எடுக்கணும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எதை எப்போ திருத்தினாங்க என்ற தடம் பதிகிற, அதை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு எழுதணும். இது கம்பெனிகளுக்குத்தான், எங்க கடை மாதிரி கூட்டாண்மைக் கடைகளைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் கவனிங்க, பேக்கப் எடுக்கணும் என்கிற அந்த விதியில், அதை ரீஸ்டோர் செய்து பார்க்கணும் என்று இல்லை. அது நம்ம பாடு.

* * *

சரி, இதே நிலைமையில் நீங்க மாட்டினால் என்ன செய்யணும்? இப்போ எங்க கடையில் சர்வருக்கு மேலே ஒட்டியிருக்கிற தாளை அப்படியே தருகிறேன்.

1. முதலில் எல்லாரையும் வெளியேற்று. பில் புத்தகத்தை எடு. வியாபாரம் நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான்.

2. கெட்டுப்போன டேட்டாபேஸைத் தொடாதே. அதன் லாகின் வால்பகுதியை பேக்கப் எடு. பிறகு சர்வரை நிறுத்தி, டேட்டா ஃபைல், லாக் ஃபைல் ரெண்டையும் வேறு டிஸ்குக்குக் காப்பி பண்ணு. 'இது வெறும் லாக்தானே' என்று லாக் ஃபைலை அழிக்கவே அழிக்காதே.

3. பிழைச்செய்தியை முழுசாகப் படி. முதல் வரியிலிருந்து.

4. 'ரீப்ளேஸ்' என்ற வார்த்தையைத் தனியாக உட்கார்ந்து அடிக்காதே. பக்கத்தில் ஒருத்தர் நின்று பார்க்கணும்.

5. ரீஸ்டோரை வேறு பெயரில், வேறு ஃபைலில் செய். (டாலி வைத்திருப்பவங்களுக்கும் இதுதான். அதே கம்பெனி இருக்கிற ஃபோல்டரையே காட்டி ரீஸ்டோர் செய்தால் இருக்கிறதன் மேல் பழசு ஏறிடும். தனி ஃபோல்டரில் செய்து பாருங்க.)

6. முழு பேக்கப்புக்கு 'நோரிகவரி'. ஒவ்வொரு லாகுக்கும் 'நோரிகவரி'. வரிசை மாறாமல், ஒண்ணு விடாமல். கடைசி ஆள் ஏறின பிறகுதான் விசில்.

7. திறந்து விடுமுன் மூணு விஷயம் ஒத்துப் பார்: கடைசி பில் நம்பர், ரொக்க இருப்பு, ஏதாவது பத்து மருந்தின் ஸ்டாக். கேஷியர் அண்ணன் "சரி" சொல்லணும்.

8. பென்டிரைவுக்குப் போவது இன்னொரு பிரதிதான், ஒரே பிரதி இல்லை.

இது தவிர, மாசத்தில் முதல் சனிக்கிழமை ராத்திரி ஒரு பழைய கம்ப்யூட்டரில் அந்த வார பேக்கப்பை முழுசாக ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம். பேக்கப் ஃபைல் படிக்கக்கூடியதா என்று மட்டும் சோதிக்க ஒரு கட்டளை இருக்கு. அது போதாது. கவரைப் பிரிக்காமலே உள்ளே பணம் இருக்கு என்று சொல்கிற மாதிரி அது. பிரித்து எண்ணணும். எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். மூணாவது மாசமே ஒரு லாக் ஃபைல் இல்லாததைக் கண்டுபிடித்தோம். டிஸ்க் நிரம்பி, ஒரு நாள் மதியம் எழுதாமல் விட்டிருக்கு. சாதாரண நாளில் கண்டுபிடித்ததால் டீ குடித்துக்கொண்டே சரி பண்ணினோம். அவசரத்தில் கண்டுபிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நல்லாவே தெரியும்.

கரண்ட் போனதால் எங்க கடை எவ்வளவு இழந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவேளை ஒண்ணுமே இல்லாமல் இருந்திருக்கலாம். அவசரமாகச் சரி பண்ணப் போன நான் எவ்வளவு இழக்க வைத்தேன் என்பது மட்டும் நிமிஷக் கணக்கில் தெரியும். ஒரு மணி நாற்பது நிமிஷம், பதினாலு இரட்டை பில், லால்குடிக்காரர் ஒருத்தரின் மனவருத்தம்.

தீபாவளிக்கு அவர் கடைக்கு வந்தபோது நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு பாக்கியைக் கட்டினார், ரசீதை வாங்கினார். மடித்துப் பைக்குள் வைக்குமுன், "ரெண்டு காப்பி அடிச்சியா?" என்று கேட்டார்.

அடிச்சேன் ஐயா. இப்போ எப்பவுமே ரெண்டு.

பி.கு: உங்க வீட்டிலோ கடையிலோ பேக்கப் எடுக்கிற பழக்கம் இருந்தால், இந்த வாரமே ஒண்ணைப் பிரித்துப் பார்த்துடுங்க. கரண்ட் நல்லா இருக்கும்போதே :-)